மருந்தை எழுதுவது யார்? ஊசி போடுவது யார்?

ஆஸ்பத்திரியில் டாக்டர் மருந்து எழுதுகிறார். நர்சு ஊசி போடுகிறார். இரண்டும் ஒரே வேலையா? இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்வது ஒரு வேலை. அதைச் சரியாகக் கொடுப்பது வேறு வேலை.

சட்டம் என்ன சொல்கிறது?

1945-ல் மருந்து விதிகள் வந்தன. பல மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சீட்டில் டாக்டரின் கையெழுத்தும் தேதியும் வேண்டும். நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் அளவு வேண்டும்.

2019-ல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வந்தது. பதிவு பெறாதவர் டாக்டர் தொழில் செய்யக் கூடாது. செய்தால் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

மயக்க மருந்து

அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து தேவை. இதன் அளவு ஆளுக்கு ஆள் மாறும். வயது, எடை, இதயம், நுரையீரல் எல்லாம் பார்க்க வேண்டும். அளவு மிஞ்சினால் மூச்சு நின்றுவிடலாம். ஆகவே இது டாக்டரின் பொறுப்பு.

நர்சு கருவிகளை எடுத்து வைப்பார். நாடி பார்ப்பார். பக்கத்தில் நின்று உதவுவார். ஆனால், மயக்க மருந்தை அவரே முடிவு செய்ய முடியாது.

அவசர நேரத்தில்

கிராமத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆகிறது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. டாக்டர் அருகில் இல்லை. காத்திருந்தால் உயிர் போய்விடும். அப்போது பயிற்சி பெற்ற ஏ.என்.எம். நர்சு ஆக்சிடோசின் ஊசி போடலாம். கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் மக்னீசியம் சல்பேட் முதல் ஊசி போடலாம். இதற்கு மத்திய அரசு அனுமதி தந்துள்ளது. பிறகு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. மயக்க மருந்து கொடுப்பவர் யார், அவர் டாக்டரா என்று கேளுங்கள்.

2. ஆஸ்துமா, ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மாத்திரை பற்றி முன்பே சொல்லுங்கள்.

3. கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காதீர்கள்.

4. ஒப்புதல் தாளைப் படியுங்கள். அது ஆங்கிலத்தில் இருந்தால், நம் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். நோயாளிக்குப் போதிய விவரம் சொல்லியே ஒப்புதல் பெற வேண்டும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அது நம் உரிமை. முன்பு கைநாட்டு வைத்தோம். இன்று நமக்குப் படிக்கத் தெரியும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம்.

விடை சொல்லுங்கள்

1. மருந்துச் சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

2. மயக்க மருந்தின் அளவு ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது?