காது முளைத்த மடிக்கணினி

சென்ற வாரம் துனிஸ் மேடையில் நிறுத்தியிருந்தோம். 2005 நவம்பர். ‘நூறு டாலர் மடிக்கணினி’யை நிகோலஸ் நெக்ரோபொன்டே உலகத்துக்குக் காட்டுகிறார். மின்சாரம் இல்லாத ஊர்களுக்கென வைத்த கைப்பிடியை ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் சுற்ற, அது கழன்று கையோடு வந்துவிடுகிறது. பிறகு கைப்பிடியையே எடுத்துவிட்டார்கள். நூறு டாலர் என்ற விலையும் பேச்சோடு சரி. ஆனாலும் ஒரு நாடு அந்தக் கணினியை முழுசாக நம்பி இறங்கியது.

உருகுவே! பரப்பில் தமிழ்நாட்டைவிடப் பெரியது; மக்கள்தொகை 35 லட்சத்தைத் தாண்டாது. அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கணினி என்று 2006 டிசம்பரில் அறிவித்தார் அதிபர் தபரே வாஸ்கெஸ். மறு ஆண்டு மே 10 அன்று, பால் பண்ணைகள் சூழ்ந்த வில்லா கார்தால் என்ற சிற்றூரில் முதல் விநியோகம் நடந்தது. 2009 அக்டோபரில் வேலை முடிந்தது: 3,62,000 மாணவர்கள், 18,000 ஆசிரியர்கள். பராமரிப்பு, பயிற்சி, இணைய இணைப்பு எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு 260 டாலர். திட்டத்தின் பெயர் ‘பிளான் செய்பால்’.

கணினி பள்ளி அலமாரியில் பூட்டிக் கிடக்கவில்லை. பிள்ளையோடு வீட்டுக்குப் போனது. நம்மூரில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி, பள்ளிப் படிப்பு முடிகிற வயதில்தான் கைக்கு வந்தது. அங்கே ஆறு வயதிலேயே.

வெள்ளையும் பச்சையுமாகப் பொம்மை போல இருக்கும். மூடியைத் திறந்தால் இரண்டு பக்கமும் முயல் காது மாதிரி ஆன்டெனா நிமிரும். வெயிலில் உட்கார்ந்தாலும் திரையில் எழுத்து தெரியும். முதுகில் உள்ள குறி கணினிக்குக் கணினி வேறு நிறம். யாருடையது எது என்று சண்டை வராது. விசைப்பலகை ஒரே ரப்பர் விரிப்பு. தூசி, தண்ணீர் உள்ளே இறங்காது. நல்ல யோசனைதான், ஆனால் சிறு விரல்கள் அந்த ரப்பரைப் பிய்த்து எடுத்துவிட்டன.

வீட்டில் இணையம் இல்லாதவர்களுக்குப் பள்ளியின் வைஃபைதான் கதி. மாலையிலும் விடுமுறையிலும் பள்ளிச் சுவரோரத்திலும் ஊர்ச் சதுக்கத்திலும் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள்.

பழுதுதான் பெரிய தலைவலி. 2010 வாக்கில் ஏறக்குறைய கால்வாசிக் கணினிகள் முடங்கிக் கிடந்தன. ஏழை வட்டாரங்களில் நிலைமை இன்னும் மோசம். திரை உடைந்தால் செலவு பெற்றோர் தலையில் விழும். கையில் காசில்லாத வீட்டில் அது பரணுக்குப் போய்விடும். சமமாகக் கொடுத்த பொருள் சமமாக நீடிக்கவில்லை. பழுதுநீக்கும் வண்டிகளைப் பள்ளி வாசலுக்கே அனுப்ப வேண்டியதாயிற்று. விநியோக விழாவுக்கு அமைச்சர்கள் வருவார்கள், ஸ்க்ரூடிரைவர் வண்டிக்கு யார் வரப் போகிறார்கள்? என்றாலும் சமத்துவத்தைக் காப்பாற்றியதில் அந்த வண்டிக்குப் பங்கு அதிகம்.

அடுத்த அடி 2014-இல் விழுந்தது. உருகுவேப் பொருளியலாளர்கள் நடத்திய ஆய்வு, கணிதத்திலும் வாசிப்பிலும் மடிக்கணினியால் மதிப்பெண் கூடவில்லை என்றது. எதிர்ப்பாளர்களுக்கு அவல் கிடைத்தது. கருவியைக் கொடுத்துவிட்டு, கற்பிக்கும் ஆளைப் பிறகு தேடினால் வேறென்ன நடக்கும்? அந்தத் தேடல் 2012-இலேயே ஆங்கிலப் பாடத்தில் தொடங்கியிருந்தது. ஆங்கில ஆசிரியர் போதாத பள்ளிகளில், பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு திரை வழியே பாடம். ஆசிரியர்கள் அர்ஜென்டினாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும்கூட வந்தார்கள். உள்ளூர் வகுப்பாசிரியர் பக்கத்திலேயே நின்று, தானும் கற்றபடி பயிற்சி கொடுத்தார்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது, உலகமே கணினிக்கு அலைந்தது. உருகுவேப் பிள்ளைகள் கையில் அது ஏற்கெனவே இருந்தது. கல்வித் தளங்களுக்கான டேட்டாவுக்கு அரசு தொலைபேசி நிறுவனமான ஆன்டெல் காசு வாங்கவில்லை. அப்படியிருந்தும், திரையை நம்பி அந்த அரசு சும்மா இருந்துவிடவில்லை. ஏப்ரல் 22-ஆம் தேதியே கிராமப் பள்ளிகளைத் திறக்கத் தொடங்கிவிட்டது.

இதே காது முளைத்த கணினியை உருகுவேயைவிட அதிகமாக வாங்கிக் குவித்தது பெரு. அங்கே பல பள்ளிகளுக்கு இணையமே போய்ச் சேரவில்லை. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)