மூவாயிரம் ரூபாய் வரியும் மடத்துவெளி வீதியும்

நமது வியாபாரிகளிடம் நிர்வாகச் சீர்திருத்தம், நிலைபேறான அபிவிருத்தி என்று பேச்செடுத்தால், அது கொழும்பில் குளிரூட்டிய மண்டபங்களில் பேசுகிற விடயம் என்று எழுந்து போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஐக்கிய நாடுகள் சபை 2015 செப்டெம்பரில் 17 இலக்குகளை வகுத்தது. பொறுப்புக் கூறுகிற நிறுவனங்கள் வேண்டும் என்பது அதில் பதினாறாவது. இலங்கையும் 2017இல் 19ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றி அதற்கென ஒரு பேரவையை அமைத்தது. ஆனால் கடையில் லாச்சிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு இதெல்லாம் எந்த வழியால் வந்து சேர்கிறது? என் கணிப்பில் அது பிரதேச சபையின் பற்றுச்சீட்டு வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே அந்தப் பற்றுச்சீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி நடப்பவை. அதன் 152ஆம் பிரிவு, அனுமதிப்பத்திரம் தேவைப்படாத வியாபாரங்களுக்கான வரியைச் சொல்கிறது. சபைகள் ஒவ்வோர் ஆண்டும் வர்த்தமானியில் வெளியிடுகிற அட்டவணையைப் பார்த்தவர்களுக்கு அது பாடம். வருட வருமானம் 6,000 ரூபாவுக்குள் என்றால் வரி இல்லை. 6,000க்கு மேல் 12,000 வரை 90 ரூபாய். இப்படியே ஏறி, 75,000க்கு மேல் 150,000 வரை 1,200 ரூபாய். 150,000க்கு மேல் எவ்வளவு போனாலும் 3,000 ரூபாய். அதோடு அட்டவணை முடிந்துவிடுகிறது.

சட்டம் வந்தபோது ஒரு டொலர் ஏறக்குறைய 30 ரூபாய். 3,000 ரூபாய் என்பது 100 டொலர். அன்று அது ஒரு வியாபாரிக்கு உறைக்கிற தொகைதான். இப்போது டொலர் 300 ரூபாய் அளவில் நிற்கிறது. அதே 3,000 பத்து டொலராகிவிட்டது. வருடத்துக்கு ஒன்றரை இலட்சம் என்பது இன்றைக்கு ஒரு பெட்டிக்கடையின் கணக்கு. அந்தப் பெட்டிக்கடையும், அதே பொழுதில் பல மில்லியன் புரட்டுகிற மொத்த வியாபாரியும் ஒரே 3,000த்தைக் கட்டிவிட்டு வரலாம். சிறியவனுக்கு இதில் என்ன நீதி என்று நமது சங்கங்கள் எதுவும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. பெரியவர்கள்தானே சங்கங்களில் முன்வரிசையில் இருக்கிறோம்!

வரி குறைவாக இருந்தால் நமக்கு இலாபம்தானே என்பீர்கள். நான் இரும்புச் சாமானும் சீமெந்தும் விற்பவன். தீவுப்பகுதிக்கு லொறி அனுப்புகிறவன். அந்த இலாபத்தின் மறுபக்கத்தை அங்கேதான் பார்க்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி, வேலணை கடந்து, கடலுக்கு நடுவே போகிற தாம்போதியில் ஏறி இறங்கினால் புங்குடுதீவு. இறங்கியவுடன் வருவது மடத்துவெளி. முருகன் கோயில், பள்ளிக்கூடம், பூட்டிய கல்வீடுகள், இடையிடையே ஆள் இருக்கும் வீடுகள். இன்னும் மேற்கே போனால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு எடுக்கிற குறிகட்டுவான் இறங்குதுறை. ஒரு காலத்தில் தென்னிலங்கை நகரங்களில் கடை வைத்து ஓகோவென்று இருந்தவர்களின் ஊர் இது. யுத்தம் அவர்களைச் சுவிஸுக்கும் பிரான்ஸுக்கும் கனடாவுக்கும் அனுப்பிவிட்டது. 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்ட எங்களுக்கு, பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை.

ஒரு லொறி இந்தப் பயணத்தில் எத்தனை நிர்வாகங்களின் மீது ஓடுகிறது தெரியுமா? ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு, அதாவது கொழும்புக்கு. சீ, டீ தரம் மாகாணத்துக்கு. மிச்சமான ஒழுங்கைகள் வேலணைப் பிரதேச சபைக்கு. பக்கத்திலேயே பிரதேச செயலகம் இருக்கிறது. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் அது சபைக்குக் கீழ்ப்பட்டதல்ல, மத்திய அரசின் கை. ஆகவே கிடங்கில் சில்லு விழுந்து அச்சு முறிந்தால், முதலில் அந்தக் கிடங்கின் சொந்தக்காரர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை, நெடுந்தீவுக்கு ஓடும் குமுதினிப் படகும் வீதி அபிவிருத்தி அதிகாரசபையுடையதுதான். கடலையும் வீதியென்று எடுத்துக்கொண்டார்கள் போலும்! மக்களுக்கு அதனால் நன்மை என்பதால் நான் குறை சொல்லவில்லை.

மடத்துவெளியில் என்னிடம் சாமான் எடுக்கும் கடைக்காரர் ஒருவரிடம் வரி பற்றிக் கதை கொடுத்தேன். என்னைவிட வயது மூத்தவர்.

“அண்ணை, சபை வரியைக் கூட்டினால் கட்டுவீங்களா?” என்று கேட்டேன்.

“நானா, கட்டுறது பிரச்சினையில்லை. ஆருக்குக் கட்டுறது, ஆரிட்டைக் கேக்கிறது எண்டு முதல்ல சொல்லுங்கோ. உந்த லைட்டு கனடாக்காரர் போட்டது. அங்காலை றோட்டுக்கு மண் அடிச்சது சுவிஸ்காரர். சபை என்ன செய்தது எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை” என்றார்.

அவர் சொன்னது சபைக்கு முழு நியாயம் செய்யவில்லை. சபையின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் அது விளங்கும். சோலைவரி, பிரகடனம் செய்த பகுதிகளுக்கு மட்டும். பூட்டிய வீட்டுக்காரன் ரொறன்ரோவில் இருந்தால் அதை அறவிடுவதும் இலகுவல்ல. காணி கைமாறும்போது வரும் முத்திரைத் தீர்வையும், நீதிமன்றத் தண்டப் பணமும் மாகாணத்தின் ஊடாகச் சுற்றித்தான் வருகின்றன. ஊழியர் சம்பளத்தின் பெரும்பகுதி திறைசேரிப் பணம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு குப்பை அள்ளவும், ஒழுங்கை திருத்தவும், தெருவிளக்கு எரிக்கவும், தண்ணீர் கொடுக்கவும் வேண்டும்.

ஆனால் “ஆரிட்டைக் கேக்கிறது” என்ற கேள்வி முழுக்க நியாயமானது. 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம், ஒரு வருட நீடிப்போடு 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மார்ச்சில் நடக்க வேண்டிய தேர்தலுக்குத் திறைசேரி பணம் விடவில்லை. தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் மாதம் தீர்ப்பளித்தது. வாக்களிப்பு நடந்தது 2025 மே 6ஆம் திகதி. இடைப்பட்ட இரண்டு வருடமும் நாம் வரி கட்டினோம். கேள்வி கேட்கத் தெரிவான உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. மேலே மாகாண சபையும் அப்படித்தான்: வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டெம்பரில், காலம் முடிந்தது 2018 ஒக்டோபரில். அதற்குப் பிறகு வருடக் கணக்காக ஆளுநர் ஆட்சி.

தண்ணீர்க் கணக்கு

தீவுகளில் நிலைபேறு என்ற சொல்லுக்கு முதல் அர்த்தம் தண்ணீர். அடியில் சுண்ணாம்புக் கல். மழைநீர் அதற்குள் இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவோடு அள்ளினால் நல்ல தண்ணீர். மோட்டார் போட்டு இழுத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும். ஏறினால் இலேசில் இறங்காது. அதனால்தான் புங்குடுதீவில் பவுசர் தண்ணீரை எதிர்பார்த்துச் சனம் நிற்கிறது. தேநீர்க் கடைக்காரரும் பேக்கரிக்காரரும் தண்ணீருக்குக் கொடுக்கிற பணத்தைப் பணிஸில்தான் போட வேண்டும். வடமராட்சி கிழக்கில் தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவோடு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நல்ல விடயம். ஆனால் குழாய் எந்த ஊருக்கு எப்போது, அதுவரை பவுசருக்கு யார் பொறுப்பு, இருக்கிற நல்ல தண்ணீர்க் கிணறுகளில் எவ்வளவு அள்ளலாம் என்பதெல்லாம் உள்ளூரில் தீர்மானிக்க வேண்டியவை. கிணற்றின் உப்பு கொழும்பில் ருசிபடாது.

மின்சாரத்திலும் இதே கதைதான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் வெயிலும் சேர்ந்த மின் திட்டம் 2021இல் ஒரு சீனக் கம்பனிக்குப் போனது. இந்தியா ஆட்சேபித்தது. கடைசியில் 2024 மார்ச்சில் இந்திய அரசின் 11 மில்லியன் டொலர் நன்கொடையோடு ஓர் இந்தியக் கம்பனிக்கு ஒப்பந்தமானது. இரண்டு பெரிய நாடுகள் பேசி முடிவெடுத்த இந்த மூன்று வருடமும் டீசலில் விளக்கெரித்த தீவு மக்களின் சபை எந்த மேசையில் இருந்தது என்று தேடிப் பாருங்கள்.

இந்தியாவிலேயே வேறு விதமாகவும் செய்திருக்கிறார்கள். கேரளாவில் 1996இல் மக்கள் திட்டம் என்று ஆரம்பித்து, மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை பஞ்சாயத்துகளுக்கும் நகரசபைகளுக்கும் கொடுத்தார்கள். ஊர்க்கூட்டத்தில் பேசித்தான் செலவு. ஊழல் அங்கும் இருக்கிறது, கட்சிச் சண்டை நம்மைவிட அதிகம். ஆனாலும் பணம் ஊருக்கு வந்தபிறகு சண்டை பிடிப்பதற்கும், வராத பணத்துக்காகச் சண்டை பிடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

வெளிநாட்டுச் சங்கங்களின் உதவியை நான் குறைத்துப் பேசவில்லை. அது இல்லாவிட்டால் பல ஒழுங்கைகள் இருட்டுத்தான். ஆனால் விளக்கு போட்டவர் மின்கட்டணம் கட்டுவதில்லை, பல்பு மாற்றுவதுமில்லை. அடுத்த தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். மடத்துவெளி அவர்களுக்கு வாப்பாவின் ஊர், அம்மாவின் ஊர் என்கிற அளவில்தான் இருக்கும். அதை நம்பி ஒரு சபை தன் வரவுசெலவுத் திட்டத்தைப் போட முடியாது.

ஆகவே அந்த 3,000 ரூபாய் எல்லையை உயர்த்தச் சட்டம் திருத்தப்பட வேண்டும் என்பதே என் கருத்து. சிறு கடைக்கு இப்போதுள்ளதைவிடக் குறைவாக, பெரியவர்களுக்குக் கூடுதலாக, விலைவாசியோடு சேர்ந்து நகர்கிற மாதிரி. என் நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரும். “கொடுத்தால் தின்றுவிடுவார்கள்” என்பார்கள். அதனால் நிபந்தனையும் சேர்த்தே கேட்போம்: வியாபாரிகளிடம் எவ்வளவு வந்தது, எந்த வீதிக்கும் எந்தப் பவுசருக்கும் போனது என்று சபை வாசலில் ஒட்ட வேண்டும்.

அதற்குச் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் கையில் இருக்கிறது. சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேல் ஆணைக்குழு. காரணம் சொல்லத் தேவையில்லை. அடுத்த முறை வரி கட்டப் போகும்போது, பற்றுச்சீட்டை வாங்கிய கையோடு இரண்டு கேள்விகளை எழுதிக் கொடுங்கள்: போன வருடம் வியாபார வரியாகவும் அனுமதிப்பத்திரக் கட்டணமாகவும் வந்த மொத்தத் தொகை என்ன? மாகாணத்திலிருந்து வரவேண்டிய முத்திரைத் தீர்வையில் இன்னும் எவ்வளவு பாக்கி? இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.