இணைப்புத் திருத்தத்தில் நேரும் பிழைகள்

ஆட்சி எல்லைகள் மாறும்பொழுது நிலம் இடம்பெயர்வதில்லை, பதிவேடுகளே மாறவேண்டியுள்ளன. 1911 ஆம் ஆண்டில் அமைந்த சித்தூர் மாவட்டம் இதற்குத் தக்க சான்றாகும். 1960 இல் திருத்தணிப் பகுதி அதனின்றும் பிரிந்து சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. 2022 ஏப்ரல் 4 ஆம் நாள், சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பதி மாவட்டம் உருவாயிற்று.

முற்காலத்தில் எழுத்தர் ஒவ்வொரு வரியாக மையினால் திருத்தினார். இன்று தரவுத்தளத்தில் ஒரே கட்டளை பல்லாயிரம் வரிகளைத் திருத்திவிடும். ஆதலின் ஒரு பிழையும் அத்தனை வரிகளிலும் பரவும்.

திருத்தம் நடைபெறும் முறை

இதற்கு இரண்டு அட்டவணைகள் தேவை. முதலாவது கிராமப் பதிவு. அதில் கிராமம், மண்டலம், மாவட்டம் ஆகிய பத்திகள் உள்ளன. இரண்டாவது மாற்ற அட்டவணை. அது மண்டலத்தின் பழைய மாவட்டத்தையும் புதிய மாவட்டத்தையும் காட்டும். இவ்விரண்டிற்கும் பொதுவான பத்தியைக் கொண்டு வரிகளைப் பொருத்துவதே இணைப்பு எனப்படும். பொருந்திய வரிகளில் ‘அப்டேட்’ என்னும் கட்டளை புதிய மாவட்டத்தைப் பதியும்.

பிழைகளின் காரணம்

மண்டலத்தின் பெயரை மட்டும் கொண்டு இணைப்பதே முதற் பிழையாகும். 2022 இல் நெல்லூரிலிருந்து திருப்பதிக்கு மாறிய மண்டலங்களுள் கூடூர் ஒன்று. கிருஷ்ணா, கர்நூல் மாவட்டங்களிலும் கூடூர் என்னும் மண்டலங்கள் உள்ளன. பெயர் ஒன்றாகவே, அவற்றின் கிராமங்களும் திருப்பதிக்கு மாறிவிடும். ஓய்வூதியம் பெறும் ஒரு முதியவரின் பதிவு இவ்வாறு வேறு மாவட்டத்திற்குச் சென்றால், அவர் அலுவலகந்தோறும் அலைய நேரிடும்.

ஒரு வரிக்குப் பல வரிகள் பொருந்தினால், சில மென்பொருள்கள் பிழையெனக் கூறி நின்றுவிடும். வேறு சில யாதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையின்றி முடித்துவிடும். பின்னதே பெரிதும் அஞ்சத்தக்கது.

இரண்டாவது பிழை, பொருந்தவேண்டிய வரி பொருந்தாமற் போதலாகும். எழுத்து வேறுபாடோ, பெயரின் இறுதியில் ஒரு வெற்றிடமோ இதற்குப் போதும். அப்போது கட்டளையின் அமைப்பிற்கேற்ப, அவ்வரி பழைய மாவட்டத்திலேயே நிற்கும். அல்லது மாவட்டப் பத்தி வெறுமையாகிவிடும்.

தடுக்கும் வழிகள்

1. பெயருக்குப் பதிலாகக் குறியெண்ணைக் கொண்டு இணைத்தல் வேண்டும். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவு இதற்கெனத் தனிக் குறியெண்களை வழங்குகிறது. அவை கிடைக்காவிடில், மண்டலம், பழைய மாவட்டம் இரண்டையும் சேர்த்துப் பொருத்துக.

2. மாற்ற அட்டவணையில் எக்குறியெண்ணும் இருமுறை வராமையை முதலில் உறுதி செய்க.

3. அதே இணைப்பை முதலில் ‘செலக்ட்’ கட்டளையால் இயக்கிப் பார்க்க. கூடூர் மண்டலத்தில் எத்தனை கிராமங்கள் உண்டோ, அத்தனை வரிகளே வெளிவருதல் வேண்டும். பொருந்தாத வரிகளையும் தனியே எடுத்து நோக்குக.

4. திருத்தத்தை ஒரு பரிவர்த்தனைக்குள் செய்க. மாறிய வரிகளின் எண்ணிக்கை ஒவ்வாவிடில் ‘ரோல்பேக்’ கட்டளையால் பழைய நிலைக்கு மீளலாம். ஒத்த பின்னரே ‘கமிட்’ கட்டளையால் நிலைப்படுத்துக.

ஆசிரியர்கள் இரண்டு தாள்களில் இவ்வட்டவணைகளை எழுதி, ‘கூடூர்’ என்னும் சொல்லை மட்டும் கொண்டு மாணவரைப் பொருத்தச் சொல்லலாம். பிழை எங்கே நுழைகிறது என்பதைக் கணிப்பொறியின்றியே அவர்கள் கண்டுகொள்வர்.