முன்கைப் பச்சை காகிதத்தில் ஏறிய கதை

புத்தூர் அரசு மருத்துவமனையில் வேலை முடித்து நால்ரோட்டில் பேருந்துக்கு நிற்கும் துப்புரவுப் பணியாளர்களில், ஐம்பதைக் கடந்த அம்மாக்களின் முன்கையைப் பார்த்திருப்போம். தேள், புள்ளிக் கோலம், அண்ணன் பெயர் என்று பச்சை குத்தியிருக்கும். பீகாரில் மதுபனி மாவட்டத்து தலித் பெண்கள் அந்தப் பச்சையைத்தான் காகிதத்தில் வரைந்து விற்றார்கள்.

1966-67இல் பீகாரைப் பஞ்சம் வாட்டியபோது, சுவரில் வரையும் மதுபனிப் பெண்களைக் காகிதத்தில் வரைய வைத்து விற்றுத்தர அகில இந்தியக் கைவினை வாரியம் முன்வந்தது. பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியர் அங்கே அனுப்பப்பட்டார். முதலில் காகிதம் கிடைத்தது பெரும்பாலும் பிராமண, காயஸ்த வீட்டுப் பெண்களுக்கு. அவர்களும் இளம்பெண்கள் அல்லர். 1975இல் பத்மஸ்ரீ பெற்ற ஜகதம்பா தேவி பிறந்தது 1901இல். காகிதத்தைத் தொடும்போது அவருக்கு அறுபதுக்கு மேல்.

அதே ஜித்வார்பூர் கிராமத்தில் கூலி வேலை பார்த்த துசாத் சமூகப் பெண்களின் முறை எழுபதுகளில்தான் வந்தது. எரிகா மோசர் என்ற ஜெர்மானிய மானுடவியலாளர் அவர்களையும் வரையச் சொன்னார். எதை வரைவது? ராமாயணக் காட்சிகளும் மணவறைச் சித்திரமும் ஏற்கெனவே மற்றவர்கள் கையில் இருந்தன. சானோ தேவி தன் உடம்பில் இருந்ததை எடுத்தார். பச்சைக்கு அங்கே 'கோத்னா' என்று பெயர். நட் சமூகப் பெண்கள் வீடு வீடாக வந்து குத்திவிடுவார்கள், நம் ஊரில் குறத்தி வந்ததுபோல. விளக்குக் கரியைக் குழைத்து, மூங்கில் குச்சியால், வரிசை வரிசையாகச் சிறு மனிதர்கள், மரங்கள், விலங்குகள். துசாத் மக்களின் வீரன் ராஜா சல்ஹேஷும் ஓவியத்தில் ஏறினான். ஜமுனா தேவி காகிதத்தின்மேல் சாணக் கரைசலைப் பூசி மண்நிறம் வரவழைத்தார். வண்ணக்கடைக்குப் போகாத ஓவியம்; அதற்கென்று வாங்குவோர் வந்தார்கள்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. நாற்பதைத் தாண்டிய பிறகு தூரிகை பிடிக்கும் ஆசை நம் தெருக்களிலும் இருக்கிறது. (அண்ணல் அம்பேத்கரே பிற்காலத்தில்தான் ஓவியமும் வயலினும் கற்றார்.) ஆனால் திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கம் ஓவிய வகுப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது தஞ்சாவூர் பாணி. பலகை, தங்கத் தாள், கல் வாங்கவே பணம் கரைந்துவிடும். வரையும் உருவமும் முன்பே முடிவானது. அழகான கலைதான், குறை சொல்லவில்லை. கையில் காசில்லாதவருக்கு அது மட்டுமே வழி என்று நினைப்பதில்தான் நமக்கு உடன்பாடில்லை.

வரைந்தால் போதாது, யார் விற்கிறார்கள் என்பது பெரிய கேள்வி. மதுபனியில் தரகர்கள் அற்ப விலைக்கு வாங்கி, ஒரே படத்தைக் கட்டுக்கட்டாகக் கேட்டார்கள். ரேமண்ட் ஓவன்ஸ் என்ற அமெரிக்க மானுடவியலாளர் நல்ல விலை கொடுத்து வாங்கி, அமெரிக்காவில் விற்ற லாபத்தை வரைந்தவர்களிடமே திருப்பிக் கொடுத்தார். 1977இல் கைவினைஞர்களுக்கென்று ஒரு சங்கமும் உருவானது. பிறகு சூரஜ்குண்ட் மேளா, 1994இல் திறந்த தில்லி ஹாட் போன்ற சந்தைகளில் வரைந்தவரே கடை போட்டு, வாங்குபவர் முகம் பார்த்து விலை சொல்ல முடிந்தது.

நமக்கும் அந்தக் கதவு மூடியில்லை. மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டை இருந்தால் தில்லி ஹாட்டில் சுழற்சி முறையில் 15 நாள் கடைக்கு விண்ணப்பிக்கலாம். பட்டியல் சாதியினர் உள்ளிட்டோரின் பொருட்களுக்கென்றே சமூக நீதி அமைச்சகம் 'ஷில்ப் சமாகம்' என்ற மேளாவை நடத்துகிறது. சொந்தத் தொழில் தொடங்க தாட்கோவின் முதலமைச்சரின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம் உண்டு, உச்சவரம்பு 3.5 லட்சம் ரூபாய். வயது வரம்பு 55. இதைக் கவனியுங்கள்; நடுவயதில் தொடங்குபவருக்கு ஆண்டுகள் குறைவு. உள்ளூரில் சிங்காரத்தோப்பு பூம்புகாரில் என்ன மாதிரி ஓவியம், என்ன விலைக்குப் போகிறது என்று ஒருநாள் நின்று பார்ப்பதற்குச் செலவே இல்லை.

2024இல் கோத்னா ஓவியத்துக்காக சாந்தி தேவி பாஸ்வான், சிவன் பாஸ்வான் தம்பதிக்குச் சேர்த்துப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பாஸ்வான் என்பது துசாத் மக்கள் பெயரோடு சேர்க்கும் பட்டம்.