கள்ளிச் செடி ஏன் அழுகிப்போகுது? இதைத் தெரிஞ்சுக்கிட்டா காப்பாத்திடலாம்!

"இதுக்குத் தண்ணியே வேண்டாம், சும்மா வெச்சாலே வளரும்" என்று சொல்லித்தான் நர்சரியில் குட்டிக் கள்ளிச் செடியைக் கையில் கொடுப்பார்கள். நாமும் ஆபீஸ் டேபிளிலோ ஜன்னல் ஓரத்திலோ வைப்போம். சில மாதங்களில் அடிப்பகுதி கொழகொழவென்று ஆகி, செடி சாய்ந்துவிடும். என்ன காரணம்? பெரும்பாலும் நம்முடைய அதிகப்படியான அக்கறைதான்!

பாலைவனத்தில் என்ன நடக்கிறது?

வீடுகளில் வளர்க்கும் மம்மில்லேரியா, கோல்டன் பேரல் போன்ற கள்ளிகளின் சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே மழை எப்போதாவதுதான் வரும். வந்தால், மேல்மண்ணில் பரவியிருக்கும் வேர்கள் தண்ணீரை வேகமாக உறிஞ்சி, தண்டில் சேமித்துக்கொள்ளும். பிறகு மண் காய்ந்துவிடும். பகல் வெயிலில் நீர் ஆவியாகாமல் இருக்க, கள்ளி தன் நுண்துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளும்.

இப்படிப்பட்ட செடிக்குத் தினமும் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டால், மண் காயவே காயாது. வேருக்குக் காற்று கிடைக்காது. அந்தச் சமயத்தில் பூஞ்சை புகுந்துவிடும்.

எப்போது தண்ணீர் விடணும்?

நாள் கணக்கு வேண்டாம், மண்ணைப் பாருங்கள். ஒரு மெல்லிய குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி எடுங்கள். ஈரமண் ஒட்டினால் காத்திருங்கள். முழுசா காய்ந்திருந்தால், அடி ஓட்டை வழியாக வழியும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

சென்னை போன்ற ஊர்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ரொம்ப கவனம் தேவை. தொடர் மழையும் ஈரக்காற்றும் சேர்ந்தால் மண் காய வாரக்கணக்கில் ஆகும். தொட்டியை மழை படாத இடத்துக்கு மாற்றிடுங்க.

மண், தொட்டி, வெயில்

அழகான பீங்கான் கப்பைவிட, ஓட்டை போட்ட மண் தொட்டிதான் பெஸ்ட். தோட்டமண் ஒரு பங்கு என்றால், பருமணலும் செங்கல் பொடிக்கற்களும் சேர்ந்து அதைப்போல இரண்டு பங்கு இருக்கட்டும்.

தினமும் நாலைந்து மணி நேரமாவது நல்ல வெளிச்சம் வேண்டும். உச்சி மட்டும் ஒல்லியாக நீண்டு வளர்ந்தால், வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். அதற்காக ஒரேயடியாக உச்சி வெயிலில் வைக்காதீர்கள், தோல் கருகிவிடும். சில நாள்கள் காலை வெயிலில் வைத்துப் பழக்குங்கள்.

சிவப்புத் தலை கள்ளி வாங்கியிருக்கீங்களா?

அது 'மூன் கேக்டஸ்'. ஒரே செடி இல்லை, ரெண்டு செடி! சிவப்பு, மஞ்சள் தலையில் பச்சையம் இல்லாததால், தனியாக உயிர் வாழாது. பச்சைத் தண்டின் மேல் ஒட்டுக்கட்டியிருப்பார்கள். அந்தத் தண்டு பெரும்பாலும் டிராகன் ஃப்ரூட் வகையைச் சேர்ந்தது. இந்த ஒட்டு பொதுவாகச் சில வருஷங்கள்தான் தாங்கும். எனவே, அது போய்விட்டால் உங்கள் தவறு என்று வருந்த வேண்டாம்.

அழுக ஆரம்பித்துவிட்டதா?

மற்ற கள்ளிகளை இன்னும் காப்பாற்றலாம். சுத்தமான கத்தியால், உள்ளே பழுப்பு நிறம் துளியும் தெரியாத இடம்வரை அடிப்பகுதியை வெட்டி எடுங்கள். மேல்பகுதியை நிழலில் ஒரு வாரத்துக்கு மேல் காயவிடுங்கள். வெட்டிய இடம் காய்ந்து இறுகியதும், உலர்ந்த மணலில் வையுங்கள். புது வேர் விடும்வரை தண்ணீர் கூடாது.

மொத்தத்தில், தண்ணீர் விடலாமா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால், இன்னும் ரெண்டு நாள் பொறுங்க. காய்ந்து சுருங்கிய கள்ளி தண்ணீர் பட்டால் தேறிவிடும். அழுகிய வேர் தேறாது.