காலையில் ஸ்டார்ட் ஆகாத கார்: பெட்ரோல் அழுத்தம் எங்கே போனது?

பீர்க்கன்கரணையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்து வேலைக்குப் போகிறவருக்குக் காலையில் பத்து நிமிடம் பெரிய விஷயம். அந்த நேரத்தில் செல்ஃப் வேகமாகச் சுற்றியும் பெட்ரோல் கார் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால், பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டாம். பெட்ரோல் அழுத்தத்தைப் பாருங்கள்.

இன்ஜெக்ஷன் வண்டியில் டேங்குக்குள்ளேயே மின்சார பம்ப் இருக்கிறது. பல கார்களில் அது 3 முதல் 4 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளும். டயரில் நாம் அடிக்கும் காற்றைவிட அதிகம். இன்ஜின் நின்ற பிறகும் பம்பிலுள்ள ஒருவழி வால்வு அந்த அழுத்தத்தைக் குழாயில் பிடித்து வைக்கும். ராத்திரியில் அது கசிந்து இறங்கிவிட்டால், காலையில் குழாய் மறுபடி நிரம்பும்வரை செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். செல்ஃப் அடிக்காமல் சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்புங்கள். பின்சீட் பக்கம் இரண்டு மூன்று விநாடி மெல்லிய ‘ஊம்’ சத்தம் கேட்கும். அணைத்துவிட்டு, சற்றுப் பொறுத்து, இதையே மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்துக்கொண்டால், பம்ப் அழுத்தம் கொடுக்கிறது, அது தங்கவில்லை என்று பொருள். சத்தமே இல்லையென்றால் முதலில் பியூஸ், ரிலே, வயர் இணைப்பு. பம்ப் அதற்குப் பிறகுதான்.

தங்காத அழுத்தம் எந்த வழியாகப் போகிறது? மெக்கானிக் குழாயில் கேஜ் மாட்டி, பம்ப் நின்றபின் முள் இறங்குவதைக் கவனிப்பார். பம்பிலிருந்து வரும் வழியை அடைத்ததும் முள் நின்றால், ஒருவழி வால்வு பழுது. டேங்குக்குத் திரும்பும் வழியை அடைத்ததும் நின்றால், ரெகுலேட்டர் பழுது. இரண்டையும் அடைத்தும் இறங்கினால் இன்ஜெக்டர் சொட்டுகிறது. ஸ்டார்ட் ஆகும்போது கரும்புகையும் பெட்ரோல் வாடையும் அதற்குத் துணைச் சாட்சி. இப்போதைய பல கார்களில் திரும்பும் குழாயே கிடையாது. ரெகுலேட்டர் பம்போடு சேர்ந்து டேங்குக்குள் இருக்கும். பிளாஸ்டிக் குழாயை நசுக்கி அடைக்கக் கூடாது, உடைந்துவிடும். அதற்கென உள்ள அடைப்பானைத்தான் மாட்ட வேண்டும்.

அழுத்தத்தில் இருக்கும் குழாயை நீங்களாகக் கழற்றாதீர்கள். சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் பீய்ச்சியடித்தால் தீ பிடிக்கும்.

மழைக்காலத்தில் இன்னொன்று. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. தண்ணீர் டேங்குக்குள் இறங்கினால் எத்தனால் கலந்த பெட்ரோலில் அது எத்தனாலையும் சேர்த்துக்கொண்டு பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். தண்ணீரில் நின்ற காருக்குச் சாவியே போடாமல், முதலில் டேங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

பம்ப் விலை அதிகம். “பம்ப் போச்சு, மாத்தணும்” என்று சொன்னால், “கேஜ் எவ்வளவு காட்டிச்சு, எதை அடைச்சப்போ முள்ளு நின்னுச்சு?” என்று கேளுங்கள். பதில் வந்தபின் பணம் கொடுங்கள்.