வீதியில் இடமில்லாத துவிச்சக்கரவண்டி

2022 ஆம் ஆண்டு எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசைகள் நீண்டபோது, கொழும்பில் உத்தியோகத்தர்கள் பலர் துவிச்சக்கரவண்டியில் கடமைக்குச் சென்றனர். தலைநகருக்கு அது புதுமையாக இருந்திருக்கலாம். 1990 இல் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையால் பெற்றோலை இழந்த யாழ். குடாநாட்டிற்கு அது பழகிய வாழ்க்கை. ஆசிரியர் பாடசாலைக்கும் நோயாளி வைத்தியசாலைக்கும் சைக்கிளிலேயே சென்ற காலம் அது.

2022 ஜூலையில் கியூ.ஆர். முறை அறிமுகமாகி, பின்னர் வரிசைகள் குறைந்ததும் அவ்வண்டிகளுள் பல வீட்டு மூலைகளைச் சென்றடைந்தன. இதற்குச் சோம்பலை மட்டும் குறைகூறுவதற்கில்லை. யுத்தத்தின் பின்னர் வடக்கு, கிழக்கின் பிரதான வீதிகள் அகலமாக்கப்பட்டு காப்பெற் இடப்பட்டன. வாகனங்களின் வேகமும் கூடியது. ஆனால், துவிச்சக்கரவண்டிக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட வேண்டுமென்பது பெரும்பாலும் மறக்கப்பட்டது. வீதியோர வெள்ளைக் கோட்டிற்கு அப்பால் எஞ்சும் ஒடுங்கிய பகுதியையும் நிறுத்தி வைக்கப்பட்ட வாகனங்கள் பிடித்துக்கொள்கின்றன.

மட்டக்களப்பிலிருந்து காத்தான்குடி, கல்முனை ஊடாக அக்கரைப்பற்று வரை கரையோரம் சமதரையாகும். சைக்கிளுக்கு இதனினும் ஏற்ற நிலம் அரிது. ஆயினும், அதிகாலையில் கடை திறக்கச் செல்லும் ஊழியரும் இரவில் வீடு திரும்பும் கூலித்தொழிலாளியும் பின்விளக்கின்றி அவ்வீதியின் விளிம்பிலேயே செல்ல வேண்டியுள்ளது. சிவப்பு ஒளித்தெறிப்பான் ஒன்றின் விலை அற்பமே. உள்ளூராட்சி மன்றங்கள் அதனை வழங்குவதிலிருந்தேனும் தொடங்கலாம். வீதி அபிவிருத்தி அதிகார சபையோ, அடுத்த வீதியை வரையும்போது வெள்ளைக் கோட்டிற்கு அப்பால் ஒரு மீற்றரையாவது ஒதுக்க வேண்டும்.